மருத்துவ மாணவர்களின் எடையும் மனமும்: பெங்களூருவில் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பெங்களூருவில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் மருத்துவர் நான். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் தயங்கி நின்று தமிழ்ப் பிள்ளைகள் கேட்பதும், ஓசூர், சேலம், வேலூரிலிருந்தும் இங்கேயே அல்சூர், ஸ்ரீராமபுரம் பகுதிகளிலிருந்தும் பெற்றோர் தொலைபேசியில் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நேரில் பார்த்துச் சொல்லும் மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்று ஆகாது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் கீழே உள்ளதைப் படிக்கும் முன்பே 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கே தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?

தெரியும். இன்சுலின் எப்படி வேலை செய்கிறது, கொழுப்பு எங்கே சேர்கிறது, தூக்கம் கெட்டால் என்னவாகும் என்பதெல்லாம் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு மனப்பாடம். ஆனால் அதை அவர் படித்து முடிக்கும்போது இரவு இரண்டு மணி. மேசையில் காலி சிப்ஸ் பொட்டலம் இருக்கும். காலை எட்டு மணிக்கு மறுபடி வகுப்பு.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு ஒன்று மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி 2024-இல் அறிக்கை தந்தது. அதற்காக நடத்திய இணையக் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்கள் பதில் சொன்னார்கள். தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறியவர்கள் 27.8 விழுக்காடு. முதுநிலை மாணவர்களில் அது 15.3 விழுக்காடு. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நிலை இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, மருத்துவ மாணவர்களில் 27.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகக் கணக்கிட்டது. அதே கட்டுரையில் வந்த இன்னோர் எண்தான் என்னைத் தூங்கவிடாதது: மனச்சோர்வு இருக்கலாம் என்று தெரிந்தவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்கள் 15.7 விழுக்காடு மட்டுமே. நாள் முழுவதும் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பவர்கள் இவர்கள். கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்கிறது, தட்டத்தான் தயக்கம்.

எடை இந்தத் தயக்கத்தைக் கூட்டுகிறது. "உடல்பருமன் உள்ள நோயாளி சொன்னதைக் கேட்கமாட்டார்" என்று வார்டில் யாரோ பேசுவதை அந்த எடையுள்ள மாணவியும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மறுநாள் அவள் எப்படி ஒரு மருத்துவர் முன் போய் உட்காருவாள்?

முதலாண்டிலேயே எட்டு, பத்து கிலோ கூடிவிட்டேன். ஏன் இப்படி?

பலருக்கு இது கல்லூரியில் தொடங்குவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து நீட் தேர்வுக்காக ஓராண்டு, சிலர் ஈராண்டு, பயிற்சி மையத்தில் உட்கார்ந்தே கழிக்கிறார்கள். விளையாட்டு அப்போதே நின்றுவிடுகிறது. பிறகு இடம் கிடைத்த மகிழ்ச்சியோடு பெங்களூரு வந்து இறங்கினால், உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மூன்று மலைகள் முன்னால் நிற்கின்றன. பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர் இங்கே இன்டர்னல் தேர்வில் முதன்முறையாகத் தோற்கிறார்.

விடுதிக் கணக்கையும் பாருங்கள். இரவு உணவு எட்டு மணிக்குள் முடிந்துவிடும். படிப்பு ஒன்றரை, இரண்டு வரை போகும். நடுவில் ஐந்தாறு மணி நேர இடைவெளி. பன்னிரண்டு மணிக்குப் பசிப்பது ஒழுக்கக்கேடு ஆகாது. அது வயிற்றின் நியாயமான கேள்வி. அந்நேரத்தில் கிடைப்பது உடனடி நூடுல்ஸ், பேக்கரி பப்ஸ், செல்போனில் வரவழைக்கும் பிரியாணி. காலையில் எழ முடியாததால் சிற்றுண்டி போய்விடும். மதியம் ஆவேசப் பசி.

தூக்கக் குறைவு இதில் நேரடியாகக் கை வைக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அந்த ஆய்வு வெளிவந்தது 2004-இல். 2022-இல் அதே ஊரிலிருந்து வந்த மற்றோர் ஆய்வில், குறைவாகத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தினமும் சுமார் 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். உணவைப் பற்றி அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்படியும் அவர்கள் உட்கொண்ட ஆற்றல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி குறைந்தது.

ஆகவே என்னிடம் வரும் மாணவரிடம் நான் உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றி முதலில் பேசுவதில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக யாரிடம் மனம்விட்டுப் பேசினீர்கள் என்று கேட்கிறேன். மூன்றாவது கேள்விக்குப் பலர் பதில் தேடுகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மேலும் ஒரு சுமை உண்டு. விக்டோரியா மருத்துவமனையிலோ பௌரிங்கிலோ புறநோயாளிப் பிரிவில் நிற்கும்போது நோயாளி கன்னடத்தில் பேசுகிறார். "ஏனு தொந்தரே?" (என்ன தொந்தரவு?) என்று கேட்கப் பழகிவிடலாம், அவர் சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ள ஆறு மாதம் ஆகும். அதுவரை, பள்ளியில் மேடையேறிப் பேசியவர்கள் இங்கே வாய் திறக்காமல் ஓரமாக நிற்கிறார்கள். அந்தத் தனிமையை இரவில் தீனி ஆற்றுகிறது. இதைச் சொன்னால் பல பிள்ளைகளுக்குக் கண் கலங்கிவிடுகிறது. கன்னடம் கற்றுக்கொள்வதையும் நான் சிகிச்சையின் பகுதியாகவே சொல்கிறேன். மெஸ்ஸில் பரிமாறுகிறவரிடமும் வார்டு ஆயாவிடமும் தினமும் நான்கு வாக்கியம் பேசினால் போதும்.

பிஎம்ஐ எவ்வளவு இருக்க வேண்டும்?

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. 18.5-க்குக் கீழே எடைக்குறைவு. உலக அளவில் 25-இல் கூடுதல் எடையும் 30-இல் உடல்பருமனும் தொடங்குகின்றன. இந்தியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் குறைந்த எடையிலேயே வருவதால், 2009-இல் நம் மருத்துவர்கள் வகுத்த ஒருமித்த வழிகாட்டல் 23-ஐயும் 25-ஐயும் எல்லையாக வைத்தது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 59 கிலோவில் கூடுதல் எடை, 64 கிலோவில் உடல்பருமன், 47 கிலோவுக்குக் கீழே எடைக்குறைவு என்று ஆகும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது.

ஒரு மனிதர் எப்படித் தூங்குகிறார், எப்படிச் சாப்பிடுகிறார், அழுகிறாரா என்பதை இந்த எண் காட்டாது. 22 பிஎம்ஐ உள்ள மாணவி தினமும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கலாம். 27 உள்ள மாணவன் நன்றாகத் தூங்கி, பந்து விளையாடி, நிம்மதியாக இருக்கலாம். அவர்களில் யாருக்கு அவசர உதவி தேவை என்பதை எடைபார்க்கும் இயந்திரத்திடம் கேட்டால் தவறான பதில் வரும். எனக்கு முக்கியம் மாற்றம்: ஆறு மாதத்தில் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது, அந்த மாதங்களில் என்ன நடந்தது.

என் மகன் இளைத்துக்கொண்டே போகிறான். "படிப்பு டென்ஷன் அம்மா" என்கிறான். விட்டுவிடலாமா?

விட வேண்டாம். எடை ஏறினால் ஊரே பேசுகிறது. இறங்கினால் "நன்றாகிவிட்டாய்" என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டுக்குள் பெரிய நோய்கள் ஒளிந்துகொள்ளும்.

முதலில் உடலைப் பாருங்கள். மருத்துவ மாணவர்கள் காசநோயாளிகள் இருக்கும் வார்டுகளில் வேலை செய்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை இழப்பு இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் உடனே வேண்டும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் இரத்தச் சர்க்கரை. படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டு. இதற்கெல்லாம் சில நாட்கள் போதும்.

அவை சரியாக இருந்தால் மனத்துக்கு வாருங்கள். மனச்சோர்வின் ஒரு வடிவத்தில் பசி அடங்கிவிடும், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வரும், பிடித்த எதிலும் ருசி இருக்காது. இன்னொரு சாத்தியத்தை ஆண்பிள்ளை விஷயத்தில் யாரும் நினைப்பதே இல்லை: உணவுக் கோளாறு. மெல்லியவனாக வேண்டும் என்றோ, வயிற்றில் தசைக்கோடுகள் தெரிய வேண்டும் என்றோ தொடங்கி, சோற்றை எடைபோட்டுச் சாப்பிட்டு, நண்பர்களோடு உணவகம் போவதையே நிறுத்திவிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மகன் வீட்டுக்கு வந்தால் எவ்வளவு சாப்பிடுகிறான் என்பதைவிட எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறானா என்று கவனியுங்கள்.

எடை கூடியதால் மனச்சோர்வா, மனச்சோர்வால் எடை கூடியதா?

இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கிறது. நீண்டகால ஆய்வுகளை 2010-இல் தொகுத்துப் பார்த்தபோது, உடல்பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 விழுக்காடு கூடுதலாகவும், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் உடல்பருமன் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று வழக்காடுவதில் பயனில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பட்டினியும் மனத்தைக் கெடுக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. 1944, 45-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற உடலியங்கியல் அறிஞர், விருப்பத்தோடு முன்வந்த 36 ஆண்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். திடமான மனத்தோடு வந்த அந்த இளைஞர்கள் எரிச்சலும் சோர்வும் அடைந்தார்கள். நட்பிலிருந்து ஒதுங்கினார்கள். நாள் முழுவதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சோதனை முடிந்து உணவு கிடைத்தபோது சிலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை. (பிஎம்ஐ என்ற பெயரை 1972-இல் சூட்டியவரும் இதே கீஸ்தான்.) காலையும் மதியமும் பட்டினி கிடந்துவிட்டு இரவில் கட்டுப்பாடு இழக்கிறேனே என்று தன்னைத் திட்டிக்கொள்ளும் மாணவருக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்கிறேன். உங்கள் மன உறுதி பழுதாகவில்லை. பட்டினி கிடந்த எந்த உடலும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இரவில் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன். பிறகு அருவருப்பாக இருக்கிறது. இது நோயா?

வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாக, நிறுத்த முடியாத உணர்வோடு இப்படி நடந்து, அதனால் வேதனையும் இருந்தால் அது நோய்தான். பெருந்தீனிக் கோளாறு என்று சொல்லலாம். சாப்பிட்டதை வாந்தி எடுத்தோ பேதி மருந்து விழுங்கியோ வெளியேற்றினால் அது புலிமியா. அதில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்பதால் காத்திருக்கக் கூடாது.

1999 முதல் பயன்பாட்டில் உள்ள ஐந்து கேள்விகள் உங்களுக்கு உதவும். வயிறு தாங்காமல் நிறைந்துவிட்டதென்று நீங்களே வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கட்டுப்பாடு போய்விட்டதோ என்று கவலைப்படுகிறீர்களா? மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் இழந்தீர்களா? மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போதும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா? உணவே உங்கள் வாழ்க்கையை ஆள்கிறது என்று சொல்வீர்களா? இரண்டுக்கு "ஆம்" வந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

சிகிச்சையின் முதல் படி பலருக்கு வியப்பாக இருக்கும்: வேளாவேளைக்குச் சாப்பிடுவது. மூன்று வேளை உணவு, இடையில் சிறு தீனி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காலியாக விடாமல். எடை குறைப்பைத் தற்காலிகமாக ஒத்திவைக்கச் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்கத் துணிவு வேண்டும். அந்தத் துணிவோடு வந்த மாணவர்கள் மீண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எடை குறைக்கும் ஊசி இப்போது கடையிலேயே கிடைக்கிறதே. நாங்களே எழுதிப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. டிர்செபடைடு மார்ச் 2025-இலும், எடைக்கான செமாகுளூடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. நல்ல மருந்துகள்தான். பிஎம்ஐ 30-க்கு மேல் உள்ளவர்களுக்கும், 27-க்கு மேல் இருந்து நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவை உள்ளவர்களுக்கும் மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. 24 பிஎம்ஐ உள்ளவர் அண்ணன் திருமணத்துக்குள் இளைப்பதற்காக விடுதி அறையில் போட்டுக்கொள்ள வேண்டியவை அல்ல. குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி வரலாம். செமாகுளூடைடை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. உணவுக் கோளாறு உள்ளவர் கையில் இந்த ஊசி போனால் நோய் மேலும் மறைந்துகொள்ளும் என்பதே என் பெரிய அச்சம்.

தைராய்டு சரியாக இருப்பவர் எடைக்காகத் தைராக்சின் விழுங்குவதும், விழித்திருந்து படிக்க நண்பரிடம் தூண்டு மாத்திரை வாங்குவதும் இதே வகை ஆபத்துகள்.

மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் குண்டாகிவிடுவேனா?

மருந்தைப் பொறுத்தது. மிர்டாசபின், பராக்ஸடின், அமிட்ரிப்டிலின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடும். வேறு மனநலக் கோளாறுகளுக்கும் தரப்படும் ஓலான்சபின், குவெட்டியபின், வால்புரோயேட் ஆகியவை அதைவிடவும் கவனிக்க வேண்டியவை. ஃப்ளூவாக்ஸடினிலும் செர்ட்ரலினிலும் அந்தக் கவலை குறைவு. புப்ரோபியான் எடை கூட்டாது. ஆனால் புலிமியா உள்ளவர்களுக்கு அது வலிப்பை வரவழைக்கலாம் என்பதால் கொடுக்கக் கூடாது. வாந்தி எடுக்கும் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

"எனக்கு எடை பற்றி பயம் இருக்கிறது" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிசிஓஎஸ் என்கிற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு, தைராய்டு, இரத்தசோகை இவற்றால் இருக்குமோ?

இருக்கலாம், பார்த்துவிடுங்கள். தைராய்டுக்கான டிஎஸ்எச், ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, சர்க்கரை என்று ஒருமுறை இரத்தம் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. சோம்பல் என்று திட்டு வாங்கும் பல பெண்களுக்கு இரும்புச்சத்துதான் குறைவு. மாதவிடாய் தவறி, முகத்தில் ரோமமும் பருவும் கூடினால் பிசிஓஎஸ் பற்றி மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பிசிஓஎஸ் உள்ள பெண்கள் எல்லோரிடமும் மனச்சோர்வு, பதற்றம் பற்றிக் கேட்க வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டல் சொல்கிறது. கேட்கப்படாவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

வகுப்பிலும் விடுதியிலும் என் உருவத்தை வைத்துக் கேலி செய்கிறார்கள். "விளையாட்டுக்குத்தானே" என்கிறார்கள்.

விளையாட்டு இல்லை, குற்றம். பல்கலைக்கழக மானியக் குழு ராகிங் விதிகளில் 2016-இல் செய்த திருத்தத்தின்படி, ஒருவரின் தோற்றத்தை வைத்துத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங். மொழி அடையாளத்தை வைத்துச் செய்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளுக்கென்று தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் தனி விதிகளும் கொண்டுவந்தது. 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

சக ஆசிரியர்களிடமும் இதைச் சொல்ல விரும்புகிறேன். செய்முறை வகுப்பில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி எடை பார்த்து, அந்த எண்ணை உரக்கப் படித்துக் கரும்பலகையில் எழுதும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தோலடிக் கொழுப்பை அறியத் தோல்மடிப்பு அளக்க "கொஞ்சம் பருமனான ஆள் வாருங்கள்" என்று அழைப்பதும் உண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்து வகுப்பையே தவிர்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவரை மட்டும் அழையுங்கள். எண்ணைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பாடம் கெடாது.

விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் என்னதான் பேசுவது?

செருப்பைக் கழற்றும் முன்பே "என்னம்மா இப்படி ஊதிவிட்டாய்?" என்றோ "ஹாஸ்டலில் சோறே போடவில்லையா, துரும்பாகப் போய்விட்டாய்" என்றோ சொல்லாதீர்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள், அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் சாட்டிலைட் நிறுத்தத்தில் பஸ் ஏறியதிலிருந்தே அந்த வாக்கியத்துக்கு அஞ்சிக்கொண்டு வருகிறாள். தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் "டூட்டி இருக்கிறது" என்று பொய் சொல்லி விடுதியில் தங்கிவிடும் பிள்ளைகளில் சிலர் இதற்காகவே தங்குகிறார்கள்.

"வா கண்ணு, பஸ்ஸில் தூங்கினாயா?" என்று கேளுங்கள். முதல் நாள் தூங்கவிடுங்கள். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டார் யாராவது உருவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நீங்களே குறுக்கிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற பேச்சை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தனியாக இருக்கும்போது, "ராத்திரி தூக்கம் வருகிறதா? யாராவது மனத்தை நோகடிக்கிறார்களா? முன்பு பிடித்ததெல்லாம் இப்போதும் பிடிக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகும். அப்பாக்கள் இந்த உரையாடலை அம்மாக்களிடம் விட்டுவிடுவது வழக்கம். அப்பாவும் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா?

பெங்களூருவில் விடுதியிலேயே இருந்துகொண்டு எதைச் சாப்பிடுவது?

இந்த ஊர் அந்த வகையில் கருணையுள்ளது. தர்ஷினி என்கிற சிற்றுண்டிக் கடைகளில் விடியற்காலையிலேயே தட்டே இட்லி கிடைக்கும். கேழ்வரகுக் களியைத்தான் இங்கே ராகி முத்தே என்கிறார்கள்; சாறு என்கிற குழம்பும் கீரையும் சேர்த்து மதியம் சாப்பிட்டால் மாலைவரை தாங்கும். உப்புமாவும் கேசரியும் சேர்த்துத் தரும் சவ்சவ் பாத்தில் கேசரி பாதி இருப்பதால் தினமும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள். அறையில் வறுத்த கடலை, வாழைப்பழம், முட்டை, தயிர் இருந்தால் நள்ளிரவுப் பசிக்குப் பதில் இருக்கும். இரவு டூட்டிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நடப்பதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை.

கல்லூரி மனநலப் பிரிவில் என் பேராசிரியரே இருக்கிறார். வேறு எங்கே போவது?

நியாயமான தயக்கம். வெளியே போகலாம். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நாட்டின் முதன்மையான மனநல நிறுவனம். புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம். காலையிலேயே போய், அரை நாளுக்கு மேல் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதே நிறுவனம் பிடிஎம் லேஅவுட்டில் நலவாழ்வு மையம் ஒன்றும் நடத்துகிறது; ஆலோசனைக்கு மட்டும் போக விரும்புகிறவர்களுக்கு அந்தச் சூழல் எளிதாக இருக்கும். கன்னடமோ ஆங்கிலமோ மனத்துக்கு நெருக்கமாக வராது என்றால், தமிழ் பேசும் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். அழும்போது தாய்மொழி வேண்டும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. நீங்கள் 18 வயது நிறைந்தவர். சட்டம் அனுமதிக்கும் சில சூழல்களைத் தவிர, உங்கள் சம்மதமின்றி மருத்துவர் கல்லூரிக்கோ வீட்டுக்கோ சொல்லக் கூடாது.

அறைத் தோழன் "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்கிறான். என்ன செய்வது?

நேராகக் கேளுங்கள்: "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறாயா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டவரிடம் மனம் திறப்பார்கள். அறிவுரை சொல்லாதீர்கள், பெற்றோர் பட்ட கஷ்டத்தை நினைவூட்டாதீர்கள். அவனைத் தனியே விடாமல் பக்கத்திலேயே இருங்கள். அறையில் மருந்துகள் இருந்தால் அகற்றிவிடுங்கள். 14416-ஐ அவனோடு சேர்ந்து அழையுங்கள். ஆபத்து உடனடியாகத் தெரிந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று கேட்டால் அந்தச் சத்தியத்தைக் கொடுக்காதீர்கள். போலீஸ் வழக்கு வரும் என்ற பயம் வேண்டாம். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மேற்சொன்ன சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

எல்லாவற்றையும் மாணவரே திருத்திக்கொள்ள வேண்டுமா? கல்லூரிக்குப் பொறுப்பில்லையா?

இருக்கிறது, பெரும்பங்கு இருக்கிறது. உறைவிட மருத்துவர்கள் (முதுநிலை படித்தபடியே மருத்துவமனையில் பணியாற்றுகிறவர்கள்) வாரம் 48 மணி நேரமும் தொடர்ந்து 12 மணி நேரமும் மட்டுமே பணி செய்ய வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டின் மத்திய உறைவிட மருத்துவர் திட்டம் சொன்னது. 2024 பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரு நாள் விடுப்பு வேண்டும், ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் எண் 48-இலிருந்து 74-க்கு ஏறியதைக் கவனியுங்கள். அந்த 74-ஐக்கூடக் கனவாக எண்ணும் முதுநிலை மாணவர்களை எனக்குத் தெரியும். முப்பத்தாறு மணி நேர டூட்டி முடித்து வருகிறவரிடம் போய்ச் சத்தான உணவு பற்றிப் பாடம் நடத்த எனக்கு மனம் வருவதில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகும் மெஸ்ஸில் சூடான சோறு கிடைக்கச் செய்வது எந்தக் கல்லூரி நிர்வாகத்தாலும் முடியும். மாணவர் மன்றங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சிகிச்சைக்காக ஆறு மாதம், ஓராண்டு படிப்பை நிறுத்தினால் எல்லாம் போய்விடுமா?

போகாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளின்படி சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் எம்பிபிஎஸ் முடிக்க வேண்டும். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. நாலரை ஆண்டுப் படிப்பில் ஓராண்டு இடைவெளிக்கு இடம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது வருகைப்பதிவு: எழுத்துப் பாடத்துக்கு 75 விழுக்காடும் செய்முறைக்கு 80 விழுக்காடும் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஆகவே சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பதைவிட எழுதிக் கொடுத்து விடுப்பு எடுப்பது நல்லது. மனநல மருத்துவரின் சான்றிதழோடு முதல்வருக்கு விண்ணப்பியுங்கள், ஒப்புகைப் படி வாங்கி வையுங்கள். நோயைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது புதிய வகுப்பில் தெரிந்த முகம் இருக்காது என்பதால், விடுப்புக் காலத்திலேயே அந்த ஆண்டு மாணவர் ஒருவரையாவது பழகி வைத்துக்கொள்வது நல்லது.